தார்ப்பாய்க்குத் தகுதியில்லாத வீடு

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்காள் கணவன் எழுதுவது. உன் அக்காவும் நானும் நலம். வீடும் நலம்தான், கூரையைத் தவிர. உன் வீட்டில் அனைவரும், கூரை உட்பட, நலமாயிருக்க வேண்டுகிறேன்.

புயலுக்கு முன்பே நீ போனில், "பேசாம இங்க வந்துடுங்க அத்தான்" என்றாய். அன்றைக்கு மறுத்தேன். இன்றைக்கும் மறுக்கிறேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போன் கோபுரம் குப்புறப் படுத்துவிட்டது.

நான் ஒன்றும் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. தகரக் கூரையைக் கயிற்றால் கட்டி, மறுமுனையைப் பக்கத்து வீட்டுத் தையல்காரரின் மாடித் தண்ணீர்த் தொட்டியில் இறுக்கினேன். நிறைந்த தொட்டி அசையுமா? அந்த மனிதர் அதைக் கழுவுவதற்காகக் காலி செய்து வைத்திருந்தார் என்று எனக்கு என்ன ஜோசியமா தெரியும்? கூரையும் தொட்டியும் சேர்ந்தே கிளம்பிவிட்டன. "உங்க கூரைதான் என் தொட்டிய இழுத்துட்டு ஓடிடுச்சு!" என்று அவர் கத்த, "உங்க தொட்டி ஒழுங்கா இருந்தா என் கூரை ஏன் ஓடுது?" என்று நான் கத்த, ஓடிப்போன ஜோடியின் வீட்டார் மாதிரி தெருவில் நிற்கிறோம்.

உன் அக்கா பள்ளிக்கூட முகாமில் இருக்கிறாள். "கூரை வந்தா நானும் வரேன். அதுவரைக்கும் நீங்களும் உங்க கயிறும் அங்கேயே கிடங்க" என்று சொல்லிவிட்டாள். தலையில் மழை பெய்வதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், அவள் இல்லாமல் இருக்க முடியவில்லை.

தார்ப்பாயாவது கிடைக்கட்டும் என்று நிவாரண அதிகாரியை அழைத்து வந்தேன். அண்ணாந்து பார்த்தார். வானம் நன்றாகத் தெரிந்தது. "தார்ப்பாய், கூரை சேதமானவங்களுக்குத்தான் சார். உங்களுக்குக் கூரையே இல்லையே!" "அதனாலதானே கேக்கறேன்?" "சேதத்தைக் காட்டுங்க, தரேன்." பறந்துபோன சேதத்தை எந்த ஊரில் போய்ப் பிடிப்பது? பிறகு அமைச்சர் வந்தார். தண்ணீர் நின்ற தெருக்களில் செருப்பு நனையும் என்று காய்ந்திருந்த எங்கள் தெருவுக்கு வந்து, கேமராவுக்கு முன்னால் என் கையில் தார்ப்பாயை வைத்து, கட்டிப்பிடித்து, கண்ணீரைத் துடைத்தார். எனக்குக் கண்ணீரே வரவில்லை, இருந்தாலும் துடைத்தார். கார் நகர்ந்ததும் அவருடைய உதவியாளர், "அத இப்படிக் குடுங்க, அடுத்த தெருவுலயும் குடுக்கணும்" என்று பிடுங்கிக்கொண்டு ஓடினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்கள் சாமி, வரத்தைத் திரும்ப வாங்கவே பூசாரி வைத்திருக்கிறது.

ஆனாலும் வானமே இடிந்து விழட்டும், மைத்துனன் வீட்டு வாசற்படியை மிதிக்கமாட்டேன். எனக்கு மானம்தான் பெரிது. உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் அக்காள் கணவன்

பி.கு.: இன்னொரு புயல் கிளம்பியிருக்கிறதாம். "மானத்தைப் போர்த்திக்கிட்டா நனையாம இருக்குமா?" என்று உன் அக்கா கேட்டாள். மானத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். தபால் நிலையத்துக்கும் கூரை போய்விட்டதால் இந்தக் கடிதத்தை நானே கொண்டுவருகிறேன். பக்கத்தில் உன் அக்காவும் நிற்பாள். முதலில் எங்களை உள்ளே விடு, அப்புறம் படி.