சாமி கேட்ட உப்பு

நம் வசதிக்காகச் சாமி பெயரில் சொல்லும் பொய்தான் பொய்களிலேயே மோசமானது. நான் அதைத் திருத்தணியிலேயே சொன்னேன், அதுவும் ஆடிக் கிருத்திகைக்கு.

அப்போது அரக்கோணத்தில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்தேன். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்க வேண்டிய டிரையத்லான் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தேன். கே.ஜி.கண்டிகையில் தெரிந்தவர் கிணற்றில் நீச்சல், ஆர்.கே.பேட்டை வரை சைக்கிள், பிறகு திருத்தணி மலைப்படிகளில் ஓட்டம். பயிற்சியில் குறையில்லை. சாப்பாட்டைத்தான் கைப்பேசியில் பார்த்த ஒரு வீடியோவிடம் ஒப்படைத்திருந்தேன். சோறு கூடாது என்றது, விட்டேன். உப்பைக் குறைத்தால் எடை குறையும் என்றது. (பேசிய ஆள் சட்டை போட்டிருக்கவில்லை. அந்த உடம்பே எனக்குப் போதுமான ஆதாரமாக இருந்தது.)

என் அக்கா செல்விக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்காகப் பால்காவடி எடுப்பதாக வேண்டுதல். எடுக்க வேண்டியவர் அவள் கணவர், என் பாவா. விசைத்தறி வைத்திருப்பவர். சர்க்கரை வியாதி இருந்ததால் அவரால் பட்டினி கிடக்க முடியாது. நான் எடுக்கிறேன் என்றேன். யாரும் கேட்காமலே, ஒரு வாரம் உப்பில்லாத விரதம் என்றும் அறிவித்தேன்.

"எங்களுக்காவ உப்பக் கூட வுட்டுட்டியேடா" என்று அக்கா கண்கலங்கினாள். எல்லாம் முருகனுக்காக என்று தலையாட்டினேன்.

பாவா மட்டும் விடவில்லை. "மச்சான், தறிகிட்ட நின்னுகினு இருக்கிறவனே உப்பு போட்ட மோரு இல்லாம சாய்ஞ்சிடுவான். நீ சைக்கிள் வேற மிதிக்கிற."

"மொதல்ல உங்க தொப்பையப் பாருங்க பாவா" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போனார்.

கிருத்திகை காலையிலும் பயிற்சியை விடாமல், வெறும் வயிற்றோடு ஆர்.கே.பேட்டை போய் வந்தேன். அப்புறம் மஞ்சள் வேட்டி, தோளில் காவடி, இருபுறமும் பால் சொம்பு. மேலே போய்ச் சேரும்வரை காவடியைக் கீழே வைக்கக்கூடாது. மொத்தம் முந்நூற்று அறுபத்தைந்து படிகள். நான் தினமும் ஓடி ஏறுகிற படிகள்தான்.

இருநூறு தாண்டியதும் வலது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. இடதும் சேர்ந்துகொண்டது. உடம்பு வெடவெடவென்று ஆட, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டேன்.

"அருளு வந்துடுச்சி! அரோகரா!" என்றது கூட்டம்.

பக்கத்தில் நின்ற ஒரு அம்மா கும்பிட்டார். "சாமி, எம் பொண்ணுக்கு எப்ப நல்லது நடக்கும்?"

"உப்பு! உப்பு குடுங்க!" என்று கத்தினேன்.

சாமி கேட்டால் தராமல் இருப்பார்களா? வேண்டுதலுக்காக மலையில் கொட்ட வைத்திருந்த உப்பு மிளகுப் பொட்டலத்தை அந்த அம்மாவே பிரித்து என் வாயில் போட்டார். இன்னொருவர் நெற்றி நிறைய விபூதி அப்பினார். மிளகு தொண்டையில் ஏறி நான் இருமியதற்கும் அரோகராதான்.

அப்போது பாவாவோடு பின்னால் ஏறி வந்த அக்கா, குழந்தையோடு என் காலடியில் உட்கார்ந்தாள். "முருகா, இவளுக்கு ஒண்ணும் ஆவாதே? நல்லா இருப்பாளே?"

ஒன்பது வருடம் ஏங்கியவள். என் முகத்தில் சாமியைத் தேடினாள். எனக்குக் கால் வலியெல்லாம் மறந்து போயிற்று. அவமானம்தான் வலித்தது.

"அக்கா, சாமி வரலக்கா. நான்தான். காலு இழுத்துகினு கீது. உப்ப வுட்டது உனுக்காவ இல்ல, எடை கொறையறதுக்கு."

கூட்டம் மெல்ல நகர்ந்தது. உப்புக் கொடுத்த அம்மா பொட்டலத்தில் எவ்வளவு மீதி என்று பார்த்தார். அக்கா பாவா பக்கம் திரும்பினாள். "நீங்க தூக்குங்க."

"நான் காலையில ரெண்டு தட்டு பொங்கல் துன்னுட்டேனே, செல்வி."

"துன்னத நீங்க மறைக்கலையே. தூக்குங்க."

பாவா காவடியைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டு, அந்தத் தொப்பையோடு, ஒரு சொட்டுப் பால் சிந்தாமல் ஏறினார். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி பின்னால் ஏறினேன்.

அடுத்த மாதம் போட்டிக்குப் போனேன். அதற்கு முந்தைய மூன்று நாளும் அக்கா வீட்டில் மூன்று வேளையும் சோறு. சட்டைப்பையில் அவள் உருட்டித் தந்த புளிச்சாத உருண்டைகள். கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தேன். ஆனால் கால் இழுக்கவில்லை.

குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அக்கா வீட்டில் நான் சாப்பிட உட்கார்ந்தால், இலையில் முதலில் ஒரு பிடி உப்பு விழும். "மொதல்ல சாமிக்கு வெய்யி" என்பார் பாவா. குழந்தை "அரோகரா" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அக்கா மட்டும் சிரிக்க மாட்டாள். நான் அந்த உப்பைத் தொட்டு முதல் வாய்ச் சோற்றை விழுங்கும்வரை பார்த்துக்கொண்டே நிற்பாள்.