பக்கத்து வீட்டு மின்சார வண்டி

என் உயிர் உள்ளவரை மின்சார பிக்கப் வண்டி வாங்க மாட்டேன் என்று ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதி, கையெழுத்தும் போட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அன்று காலைதான் பக்கத்து வீட்டு ராய்ஸ் ஒன்று வாங்கி வந்திருந்தான்.

வெள்ளை வண்டி. சத்தமே இல்லை. பிக்கப் என்றால் இருமிக் கனைத்துத் தெருவை எழுப்ப வேண்டாமா? இது பூனை மாதிரி வந்து நின்றது. நானும் என் மனைவி ஆர்லிஸும் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தோம். அவள் வண்டியைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். நாற்பத்தொரு வருடத்தில் என்னை அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"என்ன அழகு!"

"யாரு, ராய்ஸா?"

"வண்டியைச் சொன்னேன், வெர்லின்."

அதே தாளின் கீழ்ப்பாதியில், நடுவே ஒரு கோடு கிழித்தேன். இடப்பக்கம் நன்மை, வலப்பக்கம் தீமை. தீமைகளை நான் எழுதினேன். குளிர் வந்தால் பாதி தூரம்தான் ஓடும். எங்கள் மினசோட்டாவில் குளிர் எப்போது வராமல் இருந்தது? பின்னால் எதையாவது கட்டி இழுத்தால் அந்தப் பாதியிலும் பாதி. சார்ஜ் போட ஊரில் ஒரே இடம், அதுவும் நூலகத்துக்குப் பின்னால். எடையோ யானை எடை. நன்மைப் பக்கத்தை ஆர்லிஸுக்கு விட்டேன். அவள் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த வெற்றுப் பக்கத்தைப் பார்த்துத்தான் நான் பயந்திருக்க வேண்டும்.

மறுநாளே ராய்ஸ் சாவியை நீட்டினான்.

"ஓட்டிப் பாரு, வெர்லின்."

"ஐயோ, வேண்டாம்ப்பா."

"சும்மா ஒரு சுத்து போயிட்டு வா."

"பரவாயில்லை. உனக்கெதுக்குச் சிரமம்."

எங்கள் ஊர்ப் பழக்கம் அது. எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை வேண்டாம் என்போம். மூன்றாவது தடவையும் கேட்டால், 'இவ்வளவு தூரம் சொல்றே' என்று வாங்கிக்கொள்வோம். தட்டில் மிஞ்சிய கடைசித் துண்டு கேக்குக்கும் இதே சட்டம்தான். நான் மூன்றாவதுக்காகக் கையைப் பாதி நீட்டியபடி காத்திருந்தேன்.

"குடு ராய்ஸ், நான் ஓட்டறேன்." சாவியை வாங்கிக்கொண்டு ஆர்லிஸ் போய்விட்டாள். முதல் தடவையிலேயே! அடக்கத்துக்குப் பேர்போன லூத்தரன் சர்ச் குடும்பத்தில் பிறந்தவள்!

அதற்குப் பிறகு வீட்டில் வேறு பேச்சே இல்லை.

"உட்கார்ற இடமே சூடாகுது, வெர்லின். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்துல ஒரு பெட்டி இருக்கு. சர்ச் விருந்துக்கு நாலு பாத்திரம் அதுல வெச்சுக் கொண்டுபோனோம். ஒரு சொட்டு சிந்தலை."

"போனோமா? யாரு யாரு?"

"நான், ராய்ஸ், உருளைக்கிழங்கு."

ராய்ஸ் கல்யாணமே செய்துகொள்ளாதவன். எனக்கு அந்த உருளைக்கிழங்கின் மேல்கூடப் பொறாமை வந்தது.

ஜனவரியில் ஒரு திட்டம் போட்டேன். உறைந்த ஏரியின் மேல் உட்கார்ந்து மீன் பிடிக்க எனக்கு ஒரு மரக்குடில் உண்டு. சரியான கனம். அதை ராய்ஸ் தன் வண்டியில் கட்டி, நாற்பது மைல் தள்ளியிருக்கும் ஏரிக்கு இழுத்து வர வேண்டும். அன்று குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபது. பாதி வழியில் வண்டி படுத்துவிடும். பின்னால் என் பழைய பெட்ரோல் பிக்கப்பில், கயிற்றோடு, நான். ஆர்லிஸ் கண் முன்னால் அவனைக் கட்டி இழுத்து வருவேன்.

ராய்ஸ் சரி என்றான். ஆர்லிஸ் அவன் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

"உன் வண்டி சூடாகறதுக்குள்ள ஏப்ரல் வந்துடும்" என்றாள்.

வண்டி படுக்கவில்லை. ஆனால் ஏரிக்கரை சேர்ந்தபோது பேட்டரியில் மிச்சம் ஆறு சதவீதம். நான் கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கினேன்.

"வீட்டுக்கு எப்படிப் போவே, ராய்ஸ்?"

ஆர்லிஸ் இருக்கைக்கு அடியிலிருந்து தடித்த ஒயர் ஒன்றை எடுத்தாள். கரையில் மீன் இரை விற்கும் கடை. அதன் சுவரில், கோடையில் வருகிற முகாம் வண்டிகளுக்காக வைத்த பெரிய பிளக்.

"கடைக்கார அம்மாகிட்ட நேத்தே போன்ல கேட்டுட்டேன்."

மதியம் முழுக்க மீன் பிடித்தோம். நான் ஒன்றும் பிடிக்கவில்லை. திரும்பி வந்து என் பிக்கப்பில் சாவியைத் திருகினேன். டக். இன்னொரு டக். அவ்வளவுதான். எங்கள் குளிரில் பெட்ரோல் எஞ்சினையும் பிளக்கில் மாட்டிச் சூடாக்கினால்தான் கிளம்பும். அந்த உண்மையை நான் தாளில் எழுதவில்லை.

ராய்ஸ் தன் வண்டியின் பின்தட்டில் ஒரு சின்ன மூடியைத் திறந்தான். உள்ளே வரிசையாகப் பிளக். என் எஞ்சின் ஒயரை அதில் மாட்டினான். நாற்பது மைல் தூரம் கயிறு சுமந்து வந்த என் வண்டி, அவன் வண்டியிடம் பால் குடித்தது.

"கயிறு எங்கே, வெர்லின்?" என்றாள் ஆர்லிஸ்.

ராய்ஸ் நல்லவன். "ஒரு மணி நேரமாகும். உள்ள வந்து உட்காரு" என்றான்.

"வேண்டாம்ப்பா."

"உள்ள நல்லா சூடா இருக்கு."

"பரவாயில்லை."

ஆர்லிஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். உள்ளே காபி, கேக், சீட்டாட்டம். வெளியே நான்.

அரை மணி நேரம் தாங்கினேன். பிறகு கண்ணாடியைத் தட்டினேன்.

"ஆர்லிஸ், நாளைக்கே நாமளும் ஒண்ணு வாங்கறோம். இதைவிடப் பெரிசா."

"ஐயோ, வேண்டாம்ப்பா."

"வாங்கியே ஆகணும்!"

"பரவாயில்லை. உனக்கெதுக்குச் சிரமம்."

"உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன், ஆர்லிஸ்!"

"சரி, இவ்வளவு தூரம் சொல்றே" என்று கதவைத் திறந்தாள்.

மறுநாள் வண்டி விற்கும் கடையில் விற்பனைக்காரர் ஆர்லிஸைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "வாங்கம்மா. அக்டோபர்ல பார்த்தீங்களே, அந்த நீல வண்டி இன்னும் இருக்கு."

ராய்ஸ் வண்டி வாங்கியது நவம்பரில்.

"நீயா அவனை வாங்க வெச்சே?"

"அவனுக்கும் வண்டி தேவைப்பட்டுது. ஒரு குளிர்காலம் ஓட்டிப் பார்த்துச் சொல்லுன்னேன். நான் கேட்டா நீ வாங்க மாட்டே, வெர்லின். அவன் வாங்கினா வாங்குவே. பனி தள்ளற மெஷின், பாத்திரம் கழுவற மெஷின், தோட்டத்து அடுப்பு. எல்லாம் முதல்ல யார் வீட்டுக்கு வந்துச்சு?"

யோசித்துப் பார்த்தேன். என் வீட்டுப் பொருள் ஒவ்வொன்றும் ராய்ஸ் வீட்டு வழியாகத்தான் வந்திருந்தது.

ஆர்லிஸ் கண்மூடி இந்த மார்ச்சோடு ஒரு வருடம். நீல வண்டியை இப்போது நான் ஓட்டுகிறேன். பக்கத்து இருக்கையின் சூட்டை அணைப்பதில்லை. பேட்டரி வீண்தான். தீமைப் பக்கத்தில் எழுத வேண்டியது.

போன வாரம் ராய்ஸ் வண்டியின் முன் இருக்கையில் ஒரு நாய்க்குட்டி உட்கார்ந்திருந்தது.

"உனக்குத்தான் நாயே பிடிக்காதே?"

"பிடிக்காதுதான்."

"பின்னே யாரு வாங்கச் சொன்னது?"

ராய்ஸ் காலால் பனியைக் கிளறினான். "ஆஸ்பத்திரியில இருந்தப்போ சொன்னா. நான் ரெண்டு தடவை முடியாதுன்னேன்."

மறுநாளே போய் நானும் ஒன்று வாங்கி வந்தேன். அவனுடையதைவிட ஒரு சுற்றுப் பெரியது.