பதினைந்து கிலோவும் ஒரு ஜோடி ஸ்கீயும்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் பாதிக்கு மேல் படிக்க முடியாது. மருந்துச் சீட்டோ, கரண்ட் பில்லோ, கல்யாணப் பத்திரிகையோ, நடுவில் வரும்போதே கால் துறுதுறுவென்று ஆட ஆரம்பித்துவிடும். "சரி, புரிஞ்சிடுச்சி" என்று எழுந்துவிடுவேன். (இப்படித்தான் ஒரு கல்யாணத்துக்கு முந்தைய நாளே மண்டபத்துக்குப் போய், அங்கே நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு உதவிவிட்டுத் திரும்பி வந்தேன்.)

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. செங்கல்பட்டில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர். தினமும் புதுப்பட்டினத்திலிருந்து பஸ். பிள்ளைகளை வெயிலில் ஓடவிட்டு நான் விசில் ஊதுவேன். அவர்கள் ஓய்ந்தாலும் நான் ஓயமாட்டேன். ஒருநாள் மதிய இடைவேளையில் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். பனிமலை உச்சியிலிருந்து ஒரு பெண் காலில் இரண்டு பலகைகளைக் கட்டிக்கொண்டு சர்ரென்று இறங்கினாள். அவ்வளவுதான், எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலத்துக்குள் உத்தராகண்ட் பக்கம் ஒரு முகாமில் பதினான்கு நாள் பனிச்சறுக்குப் பயிற்சிக்கு விண்ணப்பித்துவிட்டேன். இடமும் கிடைத்துவிட்டது.

டெல்லிக்கு விமானம், அங்கிருந்து பஸ் என்று நைனாவிடம் சொன்னேன். அவர் கல்பாக்கத்துக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுபவர். பேசுவதே குறைவு.

"டெல்லி இன்னா திருக்கழுக்குன்றமா, இருட்டறதுக்குள்ள பஸ்ஸு புடிச்சி வர்றதுக்கு?"

"நான் பாத்துக்குறேன் நைனா."

"நடுவுல ஒரு பேஜாருன்னா?"

"எதுவா இருந்தாலும் நானே பாத்துக்குவேன். உனுக்கு போன் பண்ணி அழமாட்டேன்."

"அழுதுகினு போன் வந்துச்சின்னா, அதான் கடைசி. அப்புறம் தாம்பரத்தைத் தாண்ட வுடமாட்டேன்."

இதுதான் ஒப்பந்தம். எனக்கோ காஷ்மீர், சிக்கிம், லடாக் என்று ஒரு பெரிய பட்டியலே இருந்தது. எல்லாம் இந்த ஒரு பயணத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

முகாமிலிருந்து வந்த மின்னஞ்சலில் கொண்டுவர வேண்டிய பொருட்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. ஸ்கீ கையுறை, ஸ்கீ சாக்ஸ், ஸ்கீ கண்ணாடி என்று போய்க்கொண்டே இருந்தது. பாதியில் மூடினேன். "ஸ்கீயும் நாமதான் கொண்டுபோகணும்போல" என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அண்ணன் ஸ்டீபன் மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் ஹவுஸ்கீப்பிங். அவனிடம் புலம்பினேன். மூன்றாம் நாள் பைக்கின் பின்னால் ஒரு நீளமான சாக்குமூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினான்.

"ஸ்டோர் ரூம் கிளீன் பண்ணிகினு இருந்தோம். இது சும்மா கெடந்துச்சி. மேனேஜரு எடுத்துகினு போன்னுட்டாரு. வெள்ளக்காரன் உட்டுட்டுப் போனது. ஒரிஜினல் ஃபாரின்."

"ஸ்கீதானா, நிச்சயமா?"

"எழுதிக்கீது பாரு!"

பார்த்தேன். பலகையில் பெரிய இங்கிலீஷ் எழுத்தில் ஸ்கீ என்றுதான் இருந்தது. அதற்கு முன்னால் வேறு ஏதோ வார்த்தையும் இருந்திருக்க வேண்டும். உப்புக்காற்றில் பெயிண்ட் உரிந்து அது போய்விட்டிருந்தது. (பாதி படித்தால் போதும் என்பவளுக்குப் பாதி அழிந்த எழுத்து ஒரு குறையே இல்லை.) கால் நுழைக்கும் இடம் ரப்பரில் இருந்தது. வெறுங்காலை விட்டேன், அளவெடுத்தது மாதிரி பொருந்தியது. மறுநாளே கடற்கரை மணல்மேட்டில் ஏறி ஒத்திகை பார்த்தேன். ஓரடி சறுக்கினேன், மூன்றடி உருண்டேன். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், "இன்னாமா, எதுனா வேண்டுதலா?" என்று கேட்டார்.

அடுத்த கவலை எடை. எடுத்திருந்தது இருப்பதிலேயே மலிவான டிக்கெட். பெட்டிக்குப் பதினைந்து கிலோ, கைப்பைக்கு ஏழு கிலோ. விதிகள் பக்கத்தில் இந்த ஒரு வரியைப் படித்தேன். கீழே இன்னும் நிறைய இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அம்மா புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் விற்பவர். வியாபாரம் முடிந்ததும் அவருடைய எலெக்ட்ரானிக் தராசில் என் மூட்டையை ஏற்றினோம். ஸ்கீ, துணிமணி எல்லாம் சேர்ந்து பதினெட்டேகால் காட்டியது. சோப்பை எடுத்தேன். பதினெட்டு. எண்ணெய் பாட்டிலை எடுத்தேன், மறுபடி ஏற்றினேன். அன்று சாயங்காலம் அந்த மூட்டையை இருபது தடவையாவது ஏற்றி இறக்கியிருப்பேன்.

"ஏய், அது இன்னா வஞ்சிரமா, நிமிசத்துக்கு ஒருதபா நிறுக்கறதுக்கு?" என்றார் அம்மா.

கடைசியில் ஒரே வழிதான் தெரிந்தது. கனமான துணியையெல்லாம் உடம்பில் போட்டுக்கொண்டு போய்விடுவது. உடம்புக்குத்தான் எடைக் கட்டுப்பாடு இல்லையே! இரண்டு தெர்மல், இரண்டு ஸ்வெட்டர், ஒரு பஞ்சு ஜாக்கெட், இரண்டு பேன்ட், முழங்கால் வரை பூட்ஸ். தராசு பதினாலே முக்கால் காட்டியது. கைப்பையில் போட்டிருக்கலாமே என்பீர்கள். அதில் அம்மா முறுக்கும் வறுத்த நெத்திலியும் அடைத்திருந்தார்.

பிப்ரவரி மாதம், நடு மத்தியானம், நைனாவின் வேனில் ஏ.சி. கிடையாது. விமான நிலைய வாசலில் இறங்கும்போதே எனக்குக் கண் இருட்டியது. டெர்மினல் கதவைத் தாண்டி அவர்களை விடமாட்டார்கள். அம்மா ஜெபம் பண்ணினார். நைனா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உனுக்கு இப்பவே ஜுரம் கீதுமா" என்றார்.

கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். மூட்டையை பெல்ட்டில் வைத்தேன். பன்னிரண்டு கிலோ சொச்சம் என்று விழுந்தது.

"தப்பா காட்டுது மேடம். பதினாலே முக்கால்" என்றேன். (கூடுதலாகச் சொல்லி வாதாடிய முதல் பயணி நானாகத்தான் இருப்பேன்.)

"இல்ல மேடம், உங்களுக்கு இன்னும் ரெண்டு கிலோவுக்கு மேல இடம் இருக்கு. ஏன் இவ்ளோ போட்டுட்டு நிக்கறீங்க?"

அப்போதுதான் மூளையில் பல்ப் எரிந்தது. போனை எடுத்தேன். "அம்மா! உன் தராசு ரெண்டரை கிலோ அதிகமா காட்டுது!"

மறுமுனையில் அம்மா கிசுகிசுத்தார். "கத்தாதடி. அது பழைய மிஷினு, அப்பப்ப அப்பிடித்தான். உங்க நைனா பக்கத்துல கீறாரு."

தூரத்தில் நைனாவின் குரல் கேட்டது. "இன்னாது? எம்மா நாளா?"

நான் அவசரமாக வைத்துவிட்டேன். கவுன்டர் பெண் மூக்கைச் சுருக்கியபடி மூட்டையைப் பார்த்தாள்.

"மேடம், உள்ள மீன் எதுவும் இல்லையே?"

"இல்ல. ஸ்கீ." இந்த வார்த்தையைச் சொல்லும்போது என் நெஞ்சு நிமிர்ந்தது.

"அப்போ இது ஸ்போர்ட்ஸ் ஐட்டம். முன்னாடியே புக் பண்ணியிருக்கணும். தனிக் கட்டணம். நீளமும் அதிகம்."

"வெயிட்தான் குறைவா இருக்கே?"

"வெயிட் வேற, நீளம் வேற மேடம். விதியில போட்டிருக்கே, படிக்கலையா?"

"அப்படின்னா இது ஸ்போர்ட்ஸ் இல்ல" என்றேன்.

"பின்ன?"

"கர்ட்டன் ராடு."

அவள் சிரிக்கக் கூட இல்லை, கவுன்டர் மூட இன்னும் பன்னிரண்டு நிமிடம்தான் என்றாள். அவசரத்துக்கென்று நைனா கொடுத்த பணம் அங்கேயே போயிற்று. பெரிய சாமான்களுக்கான இடம் கட்டடத்தின் அந்தக் கோடியில் இருந்தது. பூட்ஸ் காலோடு, ஐந்தரை அடி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடினேன். திரும்பியபோதெல்லாம் யாரோ குனிந்தார்கள்.

அடுத்தது பாதுகாப்புச் சோதனை. திரைக்குப் பின்னால் ஒரு லேடி போலீஸ். ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்னார், கழற்றினேன். உள்ளே ஸ்வெட்டர். "அவுர்?" என்றார். எனக்குத் தெரிந்த இந்தியில் அந்த வார்த்தை இருந்தது, இன்னும் இருக்கா என்று கேட்கிறார். கழற்றினேன். உள்ளே இன்னொரு ஸ்வெட்டர். "அவுர்?" அப்புறம் தெர்மல். மூன்றாவது "அவுர்"-ல் அவர் குரலில் கோபம் போய் இரக்கம் வந்துவிட்டது. கடைசியில் தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தார்.

விமானத்தில் நடு சீட். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் என்னைத் தொடாமல் உட்கார முயன்றார்கள். எனக்கோ வேறு கவலை. ஸ்கீ ஏறியிருக்குமா? டெல்லியில் இறங்குமா? வேறு ஊருக்குப் போய்விட்டால்? கழிப்பறைக்குப் போகிற சாக்கில் ஆறு தடவை எழுந்தேன்.

ஆனால் டெல்லியில் மூட்டை வந்தது. அங்கிருந்து மலைப் பஸ்ஸில் ஏறியதும் நிலைமையே மாறியது. அந்த நீளத்தைப் பார்த்து, "ஸ்கீயா?" என்று ஒருவர் கேட்டார். தலையாட்டினேன். எழுந்து ஜன்னல் சீட்டைக் கொடுத்தார். முகாமில் என்னோடு பயிற்சிக்கு வந்த முப்பது பேரும் வெறுங்கையோடு வந்திருந்தார்கள். எனக்கு அவர்களை நினைத்துப் பாவமாக இருந்தது. "நான் சொந்த ஸ்கீ கொண்டாந்துட்டேன். ஃபாரின். ஊர்ல மணல்லயே பிராக்டிஸ் பண்ணிட்டேன்" என்று எனக்குத் தெரிந்த மூன்று மொழிகளையும் கலந்து சொல்லிவைத்தேன். இரவுச் சாப்பாட்டில் எனக்கு ஒரு ரொட்டி கூடுதலாக விழுந்தது.

மறுநாள் காலை பனியில் எல்லோரும் வரிசையாக நின்றோம். பயிற்சியாளர் ஐம்பது வயதுக்காரர், மலையில் பிறந்து வளர்ந்தவர். நான் சாக்கைப் பிரித்தேன். அவர் ஒரு பலகையை எடுத்தார். ரப்பரை அழுத்திப் பார்த்தார், திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். அங்கே மீன் துடுப்பு மாதிரி சின்னதாக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அவர் பேசியது இந்தி, எனக்குப் புரிந்த வரையில் இப்படி.

"எந்த ஊர் நீ?"

"மகாபலிபுரம் பக்கம் சார்."

"அங்கே கடல் இருக்கிறதா?"

"இருக்கு சார்."

"மோட்டார் படகு?"

"நிறைய இருக்கு சார்."

"அப்படியானால் இதை அங்கேயே வைத்திருக்கலாமே, மகளே. படகுக்குப் பின்னால் கயிறு கட்டி, தண்ணீர் மேல் போகிற பலகை இது."

முப்பது பேரும் சிரித்தார்கள். ஒருத்தி பனியில் உட்கார்ந்தே விட்டாள். அவர் மட்டும் சிரிக்காமல் தன் செல்போனில் அந்த மின்னஞ்சலைக் காட்டினார். நான் மூடிய இடத்துக்கு நான்கு வரி கீழே, தடித்த எழுத்தில் இருந்தது. ஸ்கீ, பூட்ஸ், கம்பு எல்லாம் முகாமிலேயே தரப்படும்.

அன்று முழுக்க என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அறைக்கும் கேண்டீனுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். திரும்பிப் போய்விடலாமா? பயிற்சி முடித்த சர்டிஃபிகேட் கொண்டுவருகிறேன் என்றுதான் பள்ளியில் லீவு வாங்கியிருந்தேன், அது இல்லாமல் என்ன சொல்வது? சாயங்காலம் சிக்னல் கிடைத்த ஒரு பாறைமேல் நின்று, கைக்கு வந்த எண்ணை அழுத்திவிட்டேன். நைனா எடுத்தார். அழமாட்டேன் என்று சொன்னது நினைவிருந்தது. ஆனாலும் அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். தாம்பரம் என் கண்முன் வந்து நின்றது.

போனில் ஒரு வினோதமான சத்தம் வந்தது. லைன் கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். நைனா சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

"நைனா?"

"இரு, இரு... டேய் ஸ்டீபா! இங்க வா!" மறுபடி சிரித்தார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "சரி, வுடு. அவங்களே குடுக்கறாங்க இல்ல? மாட்டிகினு கத்துக்கோ. போனது போய்ட்ட, பாதியில திரும்பாத" என்றார்.

"நான் அழுதுட்டேனே."

"சிக்னல் சரியில்ல. எனுக்கு ஒண்ணும் கேக்கல."

பதினான்கு நாளும் இருந்தேன். எண்ண முடியாத தடவை விழுந்தேன், கடைசி இரண்டு நாள் விழாமல் இறங்கினேன். அந்தப் பலகைகளைத் திரும்பக் கொண்டுவர எனக்குத் துணிவில்லை. கேண்டீன்காரர் வாங்கிச் சுவரில் அடித்து, டீ கிளாஸ் அடுக்க வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஒரு கேள்வி பிறந்தது. "தண்ணிக்கா, பனிக்கா?" மிக்ஸி வாங்கினாலும் சரி, செருப்பு வாங்கினாலும் சரி, நைனா அதைக் கேட்காமல் விடமாட்டார். நான்கு வருஷம் கழித்து எனக்கு ஒரு வரன் கொண்டுவந்தது இதே ஸ்டீபன்தான். பையன் வீட்டார் வந்து உட்கார்ந்ததும், அத்தனை பேர் முன்னிலையில் நைனா ஸ்டீபனைப் பார்த்துக் கேட்டார். "நல்லா பாத்தியாடா? தண்ணிக்கா, பனிக்கா?"

எங்கள் பக்கம் மொத்தமும் சிரித்தது. அவர்கள் பக்கம் மொத்தமும் விழித்தது. வேறு வழியில்லாமல் நானே முழுக்கதையும் சொன்னேன். பையன் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் சரி என்றேன்.

இப்போது இந்தக் கதையைச் சொல்கிற உரிமையை என் கணவர் எடுத்துக்கொண்டார். அவர் சொல்வதில் நான் விமானத்துக்குள்ளேயே ஸ்கீ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பணிப்பெண் என் கால் தடுக்கி ஜூஸோடு விழுகிறார். பைலட் வெளியே வந்து எட்டிப் பார்க்கிறார். போன கிறிஸ்துமஸுக்கு அவருடைய அலுவலக நண்பர்கள் வந்தபோது மீனவர்களின் வலையில் நான் சிக்கிக்கொண்ட ஒரு காட்சியும் சேர்ந்துவிட்டது. நான் திருத்துவதில்லை. உண்மையில் நடந்ததோடு ஒப்பிட்டால், அவருடைய கதையில் எனக்கு எவ்வளவோ மரியாதை இருக்கிறது.