மூடியில் படித்த ஸ்பானிஷ்

எனக்கு ஸ்பானிஷ் தெரியும் என்று நான் சொன்னது முழுப் பொய் அல்ல. நான்கு சொற்கள் தெரியும். நான்குக்கும் பொருள் ஒன்றுதான்: பிரமாதம்.

சிங்கப்பூருக்குப் பாலம் போடாத காலம். ஜோகூர் பாருவில் என் மாமாவின் புகையிலைக் கடையில் வேலை பார்த்தேன். மணிலாச் சுருட்டுப் பெட்டிகளின் மூடியில் அச்சடித்திருப்பதை, பேண்டு வாசிக்கும் மணிலாக்காரர் ஒருவர் எனக்குப் படித்துக் காட்டுவார். எக்செலென்தே, சுப்பேரியோர், மக்னீஃபிகோ, ஃபினீசிமோ. (தன் சரக்கைத் தானே திட்டி எவன் அச்சடிப்பான்? அந்த யோசனை எனக்கு அப்போது வரவில்லை.)

மாமா மெர்சிங்கில் புதுக் கடை திறக்கவிருந்தார். அந்தக் கடையும் அவர் மகள் கதீஜாவும் யாருக்கு என்பதுதான் வீட்டில் பேச்சு. "ஸ்பானிஷ் எனக்குத் தண்ணி பட்ட பாடு மாமா" என்று ஒருநாள் அவிழ்த்துவிட்டேன்.

மறுவாரமே மணிலா வியாபாரி ஒருவர் படகில் சரக்கோடு வந்தார். தமிழும் தெரியாது, மலாயும் தெரியாது. பத்துப் பெட்டி வாங்குவதற்காக மாமா என்னைப் பெருமையோடு துறைக்கு அழைத்துப் போனார்.

ஒரு சுருட்டை உருட்டிப் பார்த்ததும் மாமாவின் முகம் சுருங்கியது. "பூச்சி தொளைச்சிருக்கு. குப்பைன்னு சொல்லு."

குப்பைக்கு என்ன சொல் என்று எந்த மூடியும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் கதீஜா கைநழுவிப் போவாள். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "எக்செலென்தே" என்றேன்.

வியாபாரி பூரித்துப்போய் இன்னும் ஐந்து பெட்டிகளை இறக்கினார்.

"ஏன்டா சிரிக்கிறாரு?"

"வெக்கத்துல சிரிக்கிறாரு மாமா."

"நாத்தம் அடிக்குதுன்னும் சொல்லு லா."

"சுப்பேரியோர்" என்று அதட்டினேன். மேலும் ஐந்து. மக்னீஃபிகோவுக்குப் படகே காலியானது. ஃபினீசிமோவுக்கு அவர் கண்கலங்கி, மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். அந்தத் துறையில் கைகொடுத்தால் பேரம் முடிந்தது என்று பொருள். மாமா கொடுத்த கையை மீறுகிறவர் அல்ல. கரையில் நாற்பது பெட்டிகள் நின்றன.

வீட்டு வாசலில் மாமா என் பக்கம் திரும்பினார். "மெர்சிங் கடைக்கு நீயே போ. நாப்பது பெட்டியும் வித்து முடி. அப்புறம் கல்யாணத்தப் பத்திப் பேசலாம்."

விற்றுமுடிக்க இரண்டு வருடம் ஆனது. பற்றவைத்தால் புல்லாங்குழல் மாதிரி எல்லாத் துளையிலும் புகை வரும் சுருட்டு. மெர்சிங் மீனவர்கள் என்னை வையாத நாள் இல்லை. கதீஜா காத்திருந்தாள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

இப்போது எங்கள் வீட்டில் குழம்பு தீய்ந்துபோனால் பிள்ளைகள் "எக்செலென்தே" என்கிறார்கள். போன மாதம் புதிதாகக் கல்யாணமான உறவுக்காரப் பெண் ஒருத்தி கதீஜாவிடம், "உங்க வீட்டுக்காரர் எப்படி?" என்று கேட்டாள். கதீஜா என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நான்கு சொற்களையும் வரிசையாகச் சொன்னாள்.