மூக்கு டாக்டரின் பை

"விடாத, மிதி! இன்னும் நல்லா மிதி!"

சைலன்சருக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கறுப்புப் புகையை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டிருந்தார் அத்தான். தன் பழைய காருக்குள் இருந்து ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தவள் அவருடைய கொழுந்தியாள்.

"பெட்ரோல் கூடுது. காத்து குறையுது," என்றார், தீர்ப்பு வாசிக்கும் குரலில்.

"அதைத்தான் அத்தான் போன ஞாயித்துக்கிழமையும் சொன்னீங்க."

"அப்போ சந்தேகமாச் சொன்னேன். இப்போ உறுதியாச் சொல்றேன்."

இந்த இனம் உங்களுக்குப் புதிதல்ல. தெருவில் யாராவது காரின் மூடியைத் தூக்கினால் போதும். எங்கிருந்தோ வந்து நிற்கும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு 'ம்' என்னும், கூப்பிடாமலே குனியும், குனிந்தபிறகு கையையும் உள்ளே விடும், கடைசியில் கையில் ஒரு திருகாணி மிஞ்சினால் "இது வேண்டாததுதான்" என்று சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும். மெக்கானிக்கா? இல்லை. அத்தான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர். சொந்தமாக இருப்பது சைக்கிள். அதனால் என்ன? ஆறுகளைப் பற்றி நடத்துகிறவர் எல்லா ஆற்றிலும் குளித்தா பார்த்தார்? தெருவில் அவருக்கு மூக்கு டாக்டர் என்று பெயர். வைத்தவர்கள் கேலியாக வைத்தார்கள். அவர் மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

போன மாதம் ஹார்ன் கம்மிப்போனதற்காக முதன்முதலில் வந்தார். ஹார்ன் சரியாயிற்று. மறுநாளிலிருந்து வண்டி புகைந்தது. அன்று முதல் ஞாயிறுதோறும் வைத்தியம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிக் கரி துடைத்தார். காற்று வடிகட்டியைச் சுவரில் தட்டினார். ஒரு வாரம் பெட்ரோல் பங்க்காரர் கலப்படக்காரர் ஆனார். இன்னொரு வாரம் கொழுந்தியாளுக்கு மிதிக்கத் தெரியவில்லை.

அவளுக்கோ நாளைக் காலை புகைச் சோதனை. தேறாவிட்டால் வண்டியைத் தெருவில் எடுக்கக் கூடாது. வீடு வீடாகப் போய் நடக்க முடியாதவர்களை நடக்கவைப்பது அவள் வேலை. வண்டி படுத்தால் அவர்களும் படுத்துவிடுவார்கள்.

"மெக்கானிக்கைக் கூப்பிட்டுடவா அத்தான்?"

"எதுக்கு? அவன் கண்டதையும் கழட்டுவான்," என்றார் அத்தான், கையில் கழற்றிய மூடியோடு.

வாசற்படியில் நின்ற அக்கா சிரித்தாள். "நம்ம வீட்டுக் குழாய் ஒழுகிட்டே இருக்கு. அது பக்கம் மட்டும் இந்த மூக்கு போகாது."

"குழாய்க்கு ஏதுடி வாசம்?"

அத்தான் எஞ்சினுக்குள் குனிந்தார். வண்டி இருமிக்கொண்டே ஓடியது. அவருடைய கருவிப்பை அவள் முழங்காலில் இடித்தது. ஸ்பேனரும் சுத்தியலும் நிறைந்த கனத்த பை. தரையில் வைத்தால் மண், இருக்கையில் வைத்தால் கறை என்று ஸ்டீயரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குமிழில்தான் எப்போதும் மாட்டுவார். அவள் பையைக் கழற்றினாள். பையின் கனத்தில் குமிழ் முழுசாக வெளியே வந்திருந்தது. சோக். குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைத்துக் கொடுப்பதற்கான குமிழ். இந்த வெயிலில் வருஷக்கணக்காக அவள் தொட்டதே இல்லை.

உள்ளே அழுத்தினாள். இருமல் நின்றது. புகை மெலிந்தது.

அதே நேரத்தில் அத்தான் திருப்புளியின் பிடியால் கார்புரேட்டரை ஒரு தட்டுத் தட்டியிருந்தார்.

"பாத்தியா! எங்க தட்டணும்னு தெரியணும்!"

அவள் மெதுவாகக் குமிழை இழுத்தாள். வண்டி இருமியது. "தட்டு பத்தலை," என்று அத்தான் மறுபடி தட்டினார். அழுத்தினாள். "இப்போ?" என்றார். இழுத்தாள். "இரு, இரு." அழுத்தினாள். அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, வகுப்பு முழுவதும் தேறிவிட்ட ஆசிரியரின் முகம்.

அக்கா எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். ஜன்னலோரம் வந்து குனிந்தாள்.

"சொல்லித் தொலைச்சிடாதடி. சொன்னா ஒரு வாரத்துக்கு சோக்கைப் பத்திப் பாடம் நடத்துவார். உக்காந்து கேக்கப் போறது நீயில்ல, நான்."

அவள் தலையாட்டிவிட்டு எஞ்சினை அணைத்தாள்.

மறுநாள் காலை வண்டி சோதனையில் தேறியது. அத்தான் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்புகளில் கார்புரேட்டரைப் பற்றிப் பேசினார். அவள் தன்னிடம் நடைப்பயிற்சி பெறும் ஓய்வுபெற்ற தையல்காரர் வீட்டுக்குப் போனாள். கால் பயிற்சிக்கான மணல் பட்டைகள் அடைத்த தன் கனத்த பையை, வழக்கம்போல அவர் பிடித்து நடக்கும் வாக்கரின் இடது கைப்பிடியில் மாட்டினாள். நடக்கச் சொன்னாள்.

"இன்னிக்கும் இடது பக்கமே இழுக்குதும்மா," என்றார் தையல்காரர்.

"இடுப்புல பலம் பத்தலைங்கய்யா. நான்தான் சொல்லிட்டே வரேனே," என்றாள். இன்னும் ஒரு மாதம் பயிற்சி எழுதிக் கொடுத்தாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் பை இப்போது எங்கே மாட்டியிருக்கிறது?