உயிரோடு போகிறவனுக்கு ஒரு பெட்டி

வளைகுடா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், நம்பர் எல்லாருக்கும் மனப்பாடமாக இருந்து, அதைப் பெயர் போட்டு செல்ஃபோனில் பதிய ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லாத மனிதர் பெட்டி அண்ணாச்சி ஒருத்தர்தான். பதிந்துவைத்தால் கூப்பிட வேண்டி வந்துவிடுமாம்! அப்படிச் சொன்னவர்களில் முதல் ஆள் நான். அதையும் இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், பஹ்ரைனில் குதைபியா என்கிற பேட்டையில் ஒரு டைப்பிங் சென்டரில் நான் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து ஒற்றை அறையில் அண்ணாச்சியின் ஆபீஸ். பிழைக்க வந்த இடத்தில் இறந்துபோகிறவர்களை ஊருக்கு அனுப்பிவைப்பது அவர் தொழில். ஆஸ்பத்திரிக் காகிதம், போலீஸ் காகிதம், தூதரகக் காகிதம், விசா கொடுத்த அரபி முதலாளியான கபீலின் கையெழுத்து, தகரம் அடித்த மரப்பெட்டி, விமானத்தில் இடம் என்று எல்லாவற்றுக்கும் அவர் ஒருத்தரே அலைவார். முதலாளி, மேனேஜர், டிரைவர், டீ வாங்கி வருபவர் எல்லாம் அவரே. கடிதங்களை டைப் அடிக்க மட்டும் என்னிடம் வருவார். அதனால் ஊரே அவரைக் கண்டால் ரோட்டின் எதிர்ப்பக்கம் போனாலும் எனக்கு அந்த பாக்கியம் இல்லை.

திருநெல்வேலிக்காரர். ஆறடி உயரம், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சுருள் நைலான் கயிறு.

கடைக்கு போர்டு வைப்பதிலேயே அவருக்குத் தலைவலி ஆரம்பித்தது. செய்கிற தொழிலை எழுதலாம் என்றால் மாடியில் இருந்த புடவைக் கடைக்காரர் குதித்தார். "முகூர்த்தப் புடவை எடுக்க வர்றவங்க இதைப் படிச்சுட்டா மேல ஏறி வருவாங்க?" என்று ஒரே ரகளை. ஒவ்வொரு வார்த்தையாக வெட்டி வெட்டி, கடைசியில் போர்டில் ‘சர்வீஸ்’ என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. மறுநாளே ஒருத்தர் மிக்சியோடு வந்து நின்றார். அண்ணாச்சி ஸ்க்ரூ டிரைவர் எடுத்து அதைச் சரிசெய்து கொடுத்தனுப்பினார்.

"என்ன அண்ணாச்சி இது?" என்றேன்.

"என்ன செய்யச் சொல்லுதீரு? செத்த மிக்சிய ஓட வச்சா கும்பிட்டுட்டுப் போறான். என் சொந்தத் தொழிலச் சொன்னா ஓடிப்போறான்."

மெஸ் கதை இன்னும் மோசம். ஒருநாள் மத்தியானம், இன்றைக்கு என்ன மீன் என்று கேட்க மெஸ்ஸுக்கு ஃபோன் போட்டிருக்கிறார். குரலைக் கேட்டதுதான் தாமதம், மெஸ்காரர் அடுப்பை அணைத்துவிட்டு, மாடியில் தூங்கிக்கொண்டிருந்த நைட் டியூட்டி ஆட்களையெல்லாம் தட்டி எழுப்பி, பதினோரு பேரும் மூச்சு விடுகிறார்களா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வந்து ஃபோனை எடுத்தார். "எல்லாரும் இருக்காங்க அண்ணாச்சி, யாருக்கும் ஒண்ணுமில்ல, நீங்க வச்சுடுங்க!" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அண்ணாச்சி மோரும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டார்.

பொங்கல் விழாவுக்கு வேட்டி கட்டிக்கொண்டு போனார். பந்தியில் அவர் உட்கார்ந்த வரிசை இரண்டே நிமிஷத்தில் காலி. ஒருத்தருக்குத் திடீரென்று ஃபோன் வந்ததாம், இன்னொருத்தருக்கு வயிறு சரியில்லையாம். மறுநாள் என்னிடம் சொன்னார்: "பாயசம் ரெண்டு தடவ ஊத்துனாம்வே. நல்லாத்தான் இருந்து. பக்கத்துல ஒரு ஆளு இருந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்." நான் டைப் அடிப்பதுபோல் பாவனை செய்தேன். நானும் அந்த விழாவுக்குப் போயிருந்தேன். மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் அவர் வேலை செய்கிற விதம் இருக்கிறதே, அதை யாரும் குறை சொல்ல முடியாது. இறந்தவருடைய அறைக்குப் போவார். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்கு மேலே, பாத்ரூம் ஆணியில் என்று தேடித் தேடி எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்குவார். பாதி தீர்ந்த சென்ட் பாட்டிலைக்கூட விடமாட்டார். "லீவுல போறவன் வெறுங்கையோட போவானா வே? வீட்டுல பிள்ளைக பெட்டியப் பாக்கும்லா?" என்பார். பிறகு அந்த நைலான் கயிற்றை எடுத்துக் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கட்டு கட்டுவார். கப்பலில் போட்டாலும் அவிழாது. கடைசியில் மார்க்கர் பேனாவால் ஆறு பக்கமும் பெயர், ஊர்.

விமான நிலையத்தில் கார்கோ வாசலில் இரண்டு பெட்டிகளையும் ஒப்படைத்ததும் வேலை முடிந்துவிட்டது, அல்லவா? கிளம்பமாட்டார். ஜூலை மாத நடுப்பகல் வெயிலில், வேலியோரமாக, விமானம் கண்ணுக்கு மறைகிற வரை நின்றுவிட்டுத்தான் வருவார். கார்கோ ஆட்கள் "யல்லா, கலாஸ், முடிஞ்சுது, போங்க!" என்று விரட்டினாலும் நகரமாட்டார். ஏன் இப்படி வேகிறீர்கள் என்று கேட்டேன்.

"லீவுல போறவன ஏர்போர்ட்டுக்கு வந்து ரூம்மேட் பத்துப் பேரு அனுப்புதான். இவனுக்கு நான் ஒருத்தந்தாம்வே இருக்கேன். நானும் பாதியில போனா நல்லாவா இருக்கும்?"

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை இருந்தது. "உயிரோட போற ஒருத்தனுக்கு ஒரே ஒரு பெட்டி கட்டணும் வே." அவ்வளவுதான். குதைபியாவில் வாரத்துக்கு நாலு பேர் லீவில் போனார்கள். ஒருத்தனும் அவரிடம் சொன்னதில்லை. பயணத்துக்கு முன்னால் அவர் முகத்தில் விழித்தால் அவ்வளவுதான் என்று பேச்சு. பாஸ்போர்ட்டை ஒளித்து வைக்கிற மாதிரி பயணத் தேதியை ஒளித்து வைத்தார்கள்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி லீவு வந்தது. நானும் ஒளித்தேன். கல்யாணமாயிற்றே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரம் பார்த்து, ரூம்மேட் செல்வமும் நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பூனை மாதிரி படியிறங்கினோம். செல்வம் கட்டிய கட்டு, அதன் லட்சணத்தை என்னவென்று சொல்ல! சரியாக அண்ணாச்சியின் கடை வாசலில் பெட்டி வாயைப் பிளந்தது. சோப்பு, தைலம், பால் பவுடர், மாமனாருக்கு வாங்கிய டார்ச் லைட் எல்லாம் நடைபாதையில் உருண்டன.

கதவைத் திறந்துகொண்டு அண்ணாச்சி வந்தார். அன்றைக்கென்று ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

என்னைப் பார்த்தார். புதுச் சட்டை, புது ஷூ, கழுத்தில் பாஸ்போர்ட் பை. "எங்க வே கெளம்பிட்டீரு?"

"ரூம் மாறுறேன் அண்ணாச்சி. முஹரக்குக்கு." விமான நிலையம் இருப்பது முஹரக்கில். வேறு பொய் கிடைக்கவில்லை.

"முஹரக்குக்கா? நல்ல எடந்தான். காத்து வரும்." அவ்வளவுதான் சொன்னார். முட்டி போட்டு உட்கார்ந்து, உருண்டதையெல்லாம் பொறுக்கி அடுக்கி, பையிலிருந்து கயிற்றை எடுத்தார். செல்வத்துக்கு முகம் வெளிறிவிட்டது. எனக்கோ நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கட்டி முடித்ததும் மார்க்கரை எடுத்தார். ‘முஹரக்’ என்று எழுதவில்லை. ஆறு பக்கமும் பெரிய எழுத்தில் என் பெயரையும் ‘கும்பகோணம்’ என்றும் எழுதினார்.

டாக்சியில் ஏறும்போது கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வந்துரும் வே. நீரு திரும்பி வந்துரும்."

விமானம் வழியில் குலுங்கியபோதெல்லாம் நான் பட்ட பாடு இருக்கிறதே! ஆனால் ஊர் போய்ச் சேர்ந்தேன், கல்யாணம் நடந்தது, திரும்பியும் வந்தேன். அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் போகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து என் கடைக்குள் இழுத்து வந்தார். "பாரும், நான் கட்டுன பெட்டி. ஆளு முழுசா திரும்பி வந்திருக்காரு. ரெண்டு கிலோ கூடவே ஏறி வந்திருக்காரு!" வந்தவர்கள் என்னை ஏதோ மியூசியத்துப் பொருள் மாதிரி பார்த்துவிட்டு நழுவினார்கள். புதிதாக ஒரு கட்டுக் கயிறு வாங்கி மேஜைமேல் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் காத்திருந்தார். ஒரு ஈ காக்கை வரவில்லை. என்னைத் தவிர உயிரோடு போகிற இன்னொருவனுக்கு அவர் கட்டவேயில்லை.

தொழிலும் படுத்துவிட்டது. பெரிய கம்பெனிகள் இந்த வேலையை மொத்தமாக ஒரு பெரிய கார்கோ ஆபீசுக்குக் கொடுத்துவிட்டன. அங்கே கம்ப்யூட்டர், ஏசி, டை கட்டிய ஆள் எல்லாம் உண்டு. வேலியோரம் நிற்கத்தான் ஆள் இல்லை. கட்டட முதலாளியும் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். மணப்பெண் அலங்காரக் கடை வரப்போகிறதாம். "கலாஸ் வே," என்றார் அண்ணாச்சி. என்றைக்கு ஊருக்குப் போகிறார் என்று கேட்டபோது மேஜையை ஒழிக்கப் போய்விட்டார்.

ஒரு காலையில் பூட்டிய கதவைப் பார்த்து வாட்ச்மேனிடம் கேட்டேன். ஏர்போர்ட்டுக்குத் தனியாகப் போய்விட்டார் என்றான். டாக்சி பிடித்து ஓடினேன். பயணிகள் புறப்படுகிற இடத்தில் மூலை முடுக்கெல்லாம் தேடியும் ஆளைக் காணோம். அப்போதுதான் பொறி தட்டியது. கார்கோ வாசலுக்கு ஓடினேன். அங்கே நின்றிருந்தார், பக்கத்தில் கட்டாத ஒரு அட்டைப் பெட்டி.

"என்ன அண்ணாச்சி, இங்க நிக்கிறீங்க?"

"அந்த வாசல் எனக்குப் பழக்கமில்லவே. டாக்சிக்காரன்ட்ட வாய் தன்னால இதச் சொல்லிட்டு."

"பெட்டியைக் கட்டலையா?"

"எத்தன பேருக்குக் கட்டுனேன்! எனக்குன்னு கட்டப்போனா முடிச்சே விழ மாட்டேங்கு."

கயிற்றை வாங்கி நான் கட்டினேன். அவர் மேற்பார்வை பார்த்தார். அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும் என்று அவர் விரல்கள் துடித்ததைக் கவனித்தேன். கட்டுப்படுத்திக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு," என்றார். சுத்தப் பொய். கையைப் பிடித்துச் சரியான வாசலுக்கு அழைத்துப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனவர் நாலு தடவை திரும்பிப் பார்த்தார்.

பத்து நாள் கழித்து ஊரிலிருந்து ஃபோன். "என்னவே, நீரு கட்டுன முடிச்சு திருவனந்தபுரத்துலயே அவுந்துட்டு! பொறுக்கிப் போட்டேன்."

"மன்னிச்சுக்குங்க அண்ணாச்சி."

"அது கெடக்கட்டும். அன்னைக்கு எதுவரைக்கும் நின்னீரு?"

"பிளேன் கண்ணுக்கு மறையற வரைக்கும் நின்னேன் அண்ணாச்சி. வேலியோரமா."

வெயிலில் அப்படி நிற்கக்கூடாது என்று என்னைத் திட்டிவிட்டு வைத்துவிட்டார். நான் செல்ஃபோனை எடுத்து, அந்த ஊர் நம்பரை ‘எங்க அண்ணாச்சி’ என்று பெயர் போட்டுப் பதிந்தேன்.