ஒரு விரலு மதி

கேரள எல்லையில் இருக்கும் பாறசாலைக்காரனிடம் உனக்குத் தமிழ் தெரியுமா, மலையாளம் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டும் தண்ணி பட்ட பாடு என்று நெஞ்சை நிமிர்த்துவான். நானும் அப்படி நிமிர்த்தியவன்தான். அந்தத் திமிரால்தான் என் தங்கை ஷைனி, வெள்ளைக் கல்யாணச் சேலையோடு நடுரோட்டில் இறங்கி இறங்கி ஏற வேண்டியதாயிற்று.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. செகண்ட் ஹேண்டில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருந்தேன். இரண்டே கதவு. பின்னால் பெயருக்கு ஒரு சீட். (அதில் உட்கார, முழங்காலைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும்.) வாங்கிய அன்றே ஷைனிக்கு வாக்குக் கொடுத்தேன்: "உன் கல்யாணத்துக்கு சர்ச் வாசல்ல இதிலதான் வந்து எறங்குவ!" அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"சேலையில ஒரு பொட்டு அழுக்கு படக்கூடாது, கேட்டியா அண்ணே?"

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பார்க்கிறேன், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி! ஸ்போர்ட்ஸ் கார் என்றால் தரையோடு பதுங்கிக் கிடக்க வேண்டாமா? இது வெள்ளத்தைக் கண்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்தவன் மாதிரி நின்றது. நேராக நெய்யாற்றின்கரையில் பிஜுவின் ஒர்க்‌ஷாப்புக்கு விட்டேன்.

பிஜு டயருக்கு மேல் விரல்களைச் செருகி அளந்தான். (ஸ்கேலைத் தொடுவது அவனுக்குக் கௌரவக் குறைச்சல்.)

"எத்தர விரலு வேணும்?"

வழியெல்லாம் இதைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். இரண்டு விரல் இறக்கினால் அசத்தல்தான், ஆனால் ஹம்பில் இடிக்கும். (வேகத்தடைக்கு எங்கள் ஊர்ப் பெயர்.) ஒரு விரல் இறக்கினால் அழகும் உண்டு, அடியும் படாது. ஆகவே கம்பீரமாக மலையாளத்தில் சொன்னேன்: "ஒரு விரலு மதி." (மதி என்றால் போதும்.)

பிஜு என்னை ஒரு மாதிரி பார்த்தான். "ஒறப்பாணோ மக்கா?"

"ஒறப்பு!" நிச்சயம்தான் என்று தலையை வேறு ஆட்டினேன்.

சாயங்காலம் போனால், டயருக்கு மேலே என் ஒற்றை விரல்தான் நுழைந்தது.

"எலே, ஒரு விரல் எறக்கினா போதும்னாக்கும் சொன்னேன்!"

"நீயல்லே பறஞ்சது? ஒரு விரலு மதின்னு? ஒரு விரலு விட்டாச்சு. செரி, நாளைக்கு கொண்டு வா, பொக்கித் தாறேன்."

மறுபடி உயர்த்தித் தருகிறேன் என்கிறான், அங்கே சரி என்று சொல்லியிருக்க வேண்டும். திரும்பிக் காரைப் பார்த்தேன். ஐயோ, என்ன அழகு! சுற்றிச் சுற்றி வந்தேன், மண்டியிட்டுப் பார்த்தேன், போட்டோ எடுத்தேன். "வேண்டாம்ப்பா, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணத்தன்று முன் சீட்டில் ஷைனி. பின்னால் அப்பா. அப்பா நல்ல கனமான ஆள். அவர் உட்கார்ந்ததும் அந்த ஒரு விரலும் காணாமல் போயிற்று. முதல் ஹம்பில் 'கர்ர்ர்ர்க்' என்று ஒரு சத்தம், என் பல்லே கூசியது.

"யாருலே இத்தர எறக்கச் சொன்னது?" என்றார் அப்பா.

'மதி' கதையைச் சொன்னேன். ஷைனி வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

அப்பா இறங்கினால்தான் வண்டி ஹம்பைத் தாண்டும். அப்பா இறங்க, முன் சீட்டை மடக்க வேண்டும். முன் சீட்டை மடக்க, கல்யாணப் பெண் இறங்க வேண்டும்! (என் பக்கத்துச் சீட் மடங்காது, செகண்ட் ஹேண்ட் அல்லவா.) நாலு ஹம்பு, நாலு தடவை. பின்னால் வந்த சொந்தக்காரர்களின் வேன் ஒவ்வொரு தடவையும் நின்று, அத்தனை பேரும் ஜன்னலில் தலையை நீட்டினார்கள். டீக்கடைக்காரர் ஒருவர், "வண்டி கேடாயிப்போச்சா?" என்று கேட்டார்.

"இல்ல, மாடலே இப்படியாக்கும்," என்றார் அப்பா.

கடைசியில் சர்ச் கேட்டின் சரிவில் காரின் வயிறு தட்டி, முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல் உட்கார்ந்துவிட்டது. உள்ளே மணி அடிக்கத் தொடங்கியது. ஷைனி இறங்கினாள். வெள்ளைச் சேலையின் கரை முழுக்கச் செம்மண். அவள் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் காப்பாற்றவில்லையே!

அவள் குனிந்து, அழுக்கின் மேல் விரல்களை வைத்து அளந்தாள்.

"நாலு விரலு உண்டு. மதியா அண்ணே?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்போடுதான் சர்ச்சுக்குள் போனாள். கல்யாண ஆல்பம் முழுக்க அதே சிரிப்பு.

இன்றைக்கும் அவள் வீட்டுக்கு விருந்துக்குப் போய், பாயசம் விடும்போது நான் வாய் தவறி 'மதி' என்று சொல்லிவிட்டால் போதும். கரண்டி அந்தரத்தில் நின்றுவிடும்.

"விட்டது மதியா, இனி விடப்போறது மதியா? தெளிவாச் சொல்லு அண்ணே."